பழைய ஆலையில் புதிய தொழில்: பெரம்பலூர், அரியலூருக்கு 'புத்தாக்க மையம்' கைகொடுக்குமா?

மூடிய ஆலை, ஓய்ந்துபோன சுரங்கம், பாழடைந்த கிடங்கு. இவற்றை இடித்துத் தள்ளாமல், உள்ளே ஸ்டார்ட்அப் நிறுவனங்களையும் ஆய்வுக்கூடங்களையும் பயிற்சிப் பட்டறைகளையும் குடியேற்றுவது இப்போது உலகம் முழுக்க நடக்கும் வேலை. பாரிஸில் ரயில் சரக்கு நிலையம் மாறியது. ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கம் மாறியது. பக்கத்தில் கொழும்பிலும் இது நடந்திருக்கிறது.

சரி, சிமெண்ட் லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூருக்கும், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூருக்கும் இதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. பெரும் தொழில் ஒன்று பல பத்தாண்டுகளாக நடக்கும் ஊரில், அந்தத் தொழில் மாறும்போதோ குறையும்போதோ அடுத்த தலைமுறை எதைச் செய்யும் என்பதுதான் இங்கே கேள்வி. கட்டடம் அதற்கான விடையில் ஒரு சிறு பகுதி மட்டுமே. அதற்குள் என்ன வேலை நடக்கும், யார் பணம் போடுவார்கள் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்த ஊர்கள் ஜெயித்திருக்கின்றன. விரிவாகப் பார்ப்போம்.

'புத்தாக்க மையம்' என்றால் என்ன?

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஒரு இளைஞர் புதிதாக ஒரு பொருளையோ இயந்திரத்தையோ உருவாக்க நினைக்கிறார். அவருக்கு இடம் வேண்டும், கருவி வேண்டும், சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும், முதல் வாடிக்கையாளர் வேண்டும். தனியாக இதையெல்லாம் தேடினால் கையில் இருக்கும் காசு முதல் வருஷத்திலேயே கரைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ், குறைந்த வாடகையில் தருவதுதான் புத்தாக்க மையம்.

பழைய ஆலைகளை இதற்குத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. உயரமான கூரை, தூண்கள் குறைந்த அகலமான கூடம், கனரக இயந்திரத்தைத் தாங்கும் தரை, பெரிய மின் இணைப்பு, லாரி வந்து போகும் பாதை ஆகியவை அங்கே ஏற்கெனவே இருக்கும். கணினி வேலைக்கு மட்டும் என்றால் எந்தக் கட்டடமும் போதும். ஒரு பொருளைச் செய்து பார்க்க வேண்டும் என்றால் ஆலைக் கூடம்தான் வசதி.

உலகத்தில் எங்கே வேலை செய்தது?

பாரிஸில் 1920-களின் இறுதியில் கட்டப்பட்ட ஹால் பிரெசினே என்ற ரயில் சரக்குக் கூடம், 2017-ல் 'ஸ்டேஷன் எஃப்' என்ற பெயரில் ஸ்டார்ட்அப் வளாகமாகத் திறக்கப்பட்டது. பரப்பளவு 34,000 சதுர மீட்டர். தொழிலதிபர் சேவியே நீல் சுமார் 25 கோடி யூரோ போட்டார். சுமார் 1,000 ஸ்டார்ட்அப்களுக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு வளாகம் பெரியது. ஆனால் அது பாரிஸ். திறமையானவர்களும் முதலீட்டாளர்களும் ஏற்கெனவே அந்த ஊரில் இருந்தார்கள். கட்டடம் அவர்களை ஒன்றுசேர்த்தது, அவ்வளவுதான்.

ஜெர்மனியின் எசன் நகரில் உள்ள சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1986-ல் சுரங்கம் மூடப்பட்டது. இரும்புக்கும் நிலக்கரிக்கும் பேர்போன ரூர் பகுதியே அப்போது வேலையிழப்பில் தவித்தது. சுரங்கத்தைப் பழைய இரும்புக்கு விற்காமல், மாநில அரசே வாங்கியது. கொதிகலன் கூடம் வடிவமைப்பு அருங்காட்சியகமாகவும், நிலக்கரி கழுவும் கட்டடம் ரூர் அருங்காட்சியகமாகவும் மாறின. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வடிவமைப்புக் கல்வி தரும் பல்கலைக்கழகத் துறையும் வளாகத்துக்குள் வந்தது. இதெல்லாம் ஒரே ஆட்சியில், ஒரே பட்ஜெட்டில் முடிந்த வேலை இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் விடாமல் பணம் போட்டார்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1913-ல் திறந்து 1988-ல் கைவிடப்பட்ட மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2018-ல் ஃபோர்டு நிறுவனம் வாங்கியது. 2024 ஜூனில் மீண்டும் திறந்தது. அதை ஒட்டிய பழைய கிடங்குக் கட்டடத்தில் போக்குவரத்துத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான பட்டறை நடக்கிறது. கார் தயாரித்த ஊரில், அடுத்தகட்ட வாகனங்களுக்கான ஆராய்ச்சி. ஊருக்குத் தெரிந்த தொழிலின் அடுத்த படியையே பிடித்தார்கள்.

கொழும்பு மருதானையில் பிரிட்டிஷ் காலத்துக் கிடங்குகள் இருந்த டிரிப்போலி சந்தை வளாகம், 2010-களில் 'டிரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி' என்ற தொழில்நுட்பப் பூங்காவாக மாறியது. பழைய ஓட்டுக் கூரைகளுக்குக் கீழே மென்பொருள் நிறுவனங்கள் இயங்குகின்றன. தெற்காசியாவில், நம்மைப் போன்ற பொருளாதாரத்திலும் இது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்கு இது உதாரணம்.

நம்ம பக்கத்தில் என்ன நடந்தது?

நம் நாட்டில் கதை பெரும்பாலும் வேறு மாதிரி.

சென்னை பெரம்பூர் பக்கத்தில் இருந்த பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில், பேச்சுவழக்கில் பின்னி மில், 19-ம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918-ல் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. 1996-ல் மில் மூடப்பட்டது. அதன் பிறகு நமக்கு அது சினிமா சண்டைக் காட்சிகள் எடுக்கும் இடமாகத்தான் தெரியும். பிறகு நிலம் ரியல் எஸ்டேட் பக்கம் போனது. தொழிலாளர் வரலாற்றில் இவ்வளவு முக்கியமான இடத்தில் ஒரு பயிற்சி மையம்கூட வரவில்லை.

மும்பையில் இன்னும் பெரிய கதை. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மொத்தம் சுமார் 600 ஏக்கர் நிலம், நகரத்தின் நட்டநடுவில். 1991-ல் வந்த விதிப்படி, மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001-ல் விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும் பங்கு கொடுத்தால் போதும் என்று ஆனது. பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டிய நிலம் சுருங்கிப்போனது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. மில் இருந்த இடங்களில் மால்களும் சொகுசு அடுக்குமாடிகளும் முளைத்தன. கமலா மில்ஸ் வளாகத்தில் உணவகங்கள் வந்தன. 2017 டிசம்பரில் அங்கே நடந்த தீ விபத்தில் 14 பேர் இறந்தார்கள். பழைய ஆலையைப் புதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும்போது தீயணைப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் இறங்கி உழைத்த ஊர். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த தொழில் எது என்று யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். எசன் சுரங்கத்துக்கும் கோலாருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி, மூடும் நேரத்தில் அரசு எடுத்த முடிவிலிருந்து வந்தது.

பெரம்பலூர், அரியலூரில் என்ன 'பழைய தொழில்' இருக்கிறது?

கோவை, மதுரை மாதிரி நூற்றாண்டு கண்ட பஞ்சாலைகளால் வளர்ந்த மாவட்டங்கள் இல்லை இவை. இங்கே தொழில் வரலாறு என்பது சுண்ணாம்புக்கல் வரலாறு.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளும் படிவுகளும்தான் இன்றைய சுண்ணாம்புக்கல். அதனால்தான் இங்கே தோண்டினால் அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. தேசிய புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது.

இந்தக் கல்லை வைத்துத்தான் சிமெண்ட். அரியலூரிலிருந்து சிறிது தூரத்தில், திருச்சி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கல்லக்குடியில் 1939-ல் டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. ஊர் பெயரையே டால்மியாபுரம் என்று மாற்றியதை எதிர்த்து 1953 ஜூலையில் திமுக நடத்திய ரயில் மறியல் போராட்டம் தமிழக அரசியல் வரலாற்றின் ஒரு பக்கம். 1979-ல் அரியலூரில் தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின், அதாவது டான்செம்மின், ஆலை ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுடன் தொடங்கியது. பின்னர் 10 லட்சம் டன் திறனில் புதிய ஆலையும் சேர்ந்தது. ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, டால்மியா என்று தனியார் ஆலைகளும் வரிசை கட்டின.

பெரம்பலூர் பக்கம், எறையூரில் 1970-களில் தொடங்கிய பொதுத்துறை சர்க்கரை ஆலை இருக்கிறது. தமிழகத்தில் பொதுத்துறையில் இருக்கும் சர்க்கரை ஆலைகள் இரண்டே இரண்டு; அதில் இது ஒன்று. பிறகு நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் டயர் ஆலை வந்தது. இப்போது காலணித் தொழில் வருகிறது. எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பர் 28-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் 1,000 கோடி ரூபாய் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு.

ஆலைகள் ஓடுகின்றன. பிறகு ஏன் இப்போது மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும்?

2030 ஏன் முக்கியம்?

காரணம் ஒரு தேதி. 2015-ல் திருத்தப்பட்ட சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி, ஆலையின் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பழைய முறையில் வழங்கப்பட்ட சுரங்கக் குத்தகைகள் 2030 மார்ச் 31 வரை, அல்லது புதுப்பித்த காலம் முடியும் வரை, அல்லது 50 ஆண்டுகள் முடியும் வரை, இதில் எது பிந்தையதோ அதுவரை செல்லும். அதற்குப் பிறகு ஏலம்தான். இது நாடு முழுமைக்குமான விதி.

2030-ல் எல்லா ஆலையும் மூடப்படும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கல் எடுக்கும் உரிமை எல்லாம் இப்போது இருப்பது போலவே என்றைக்கும் நீடிக்காது. சில குத்தகைகள் கைமாறலாம். பழைய குழிகள் ஓயலாம். ஒரு ஆலையில் புது உற்பத்திப் பிரிவு வந்ததும் பழைய பிரிவின் பட்டறை, கிடங்கு, பணியாளர் குடியிருப்பு எல்லாம் பயன்பாடு குறைந்து நிற்கலாம். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் கோலார் கதைதான் ஆகும்.

மக்கள் ஏன் அறிவிப்புகளை நம்பத் தயங்குகிறார்கள்?

இந்தப் பகுதியில் 'வளர்ச்சித் திட்டம்' என்ற சொல்லுக்கு ஒரு கசப்பான பின்னணி உண்டு.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990-களில் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாது என்று விவசாயிகள் வழக்கு மேல் வழக்காக அலைந்தார்கள். சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. சுமார் 25 ஆண்டுகள் கழித்து, திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. நிலத்தைக் கொடுத்தவரின் மகன் அதைத் திரும்பப் பெறும் நிலை.

பெரம்பலூர் மாவட்டம் திருமாந்துறை பகுதியில் 2000-களின் இறுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக சுமார் 3,000 ஏக்கர் வாங்கப்பட்டது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்று ஊர் மக்கள் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த அளவில் தொழிற்சாலைகள் வரவில்லை.

எனவே இந்த மக்களிடம் போய் இன்னும் ஒரு அறிவிப்பைச் சொன்னால், "மறுபடியும் எங்க நிலத்துக்கு வர்றீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை மாற்றுவதன் பெரிய நன்மையே இதில்தான் இருக்கிறது. புதிதாக ஒரு ஏக்கர்கூட எடுக்க வேண்டாம். அரசு நிறுவனத்தின் வளாகம் என்றால் நிலத் தகராறும் இல்லை.

புதுக் கட்டடம் மலிவா, பழைய கட்டடம் மலிவா?

தமிழக அரசு இரண்டாம் கட்ட நகரங்களில் 'டைடல் நியோ' பூங்காக்களைக் கட்டிவருகிறது. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூர், சேலத்தில் அதே ஆண்டு செப்டம்பரிலும் திறக்கப்பட்டன. தஞ்சை, சேலம் பூங்காக்கள் தலா 55,000 சதுர அடி. செலவு ஒவ்வொன்றுக்கும் சுமார் 30 கோடி ரூபாய். அரியலூருக்குப் பக்கத்து ஊரான தஞ்சாவூரிலேயே இப்படி ஒன்று வந்துவிட்டது.

அப்படியானால் இங்கேயும் ஒன்று கட்டிவிடலாமே? ஐடி அலுவலகம் வேண்டும் என்றால் அது சரி. ஆனால் காலணி அச்சு செய்து பார்க்கவோ, வெங்காயம் உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கவோ, கான்கிரீட் கனசதுரத்தை நொறுக்கிச் சோதிக்கவோ ஏசி அலுவலகத் தளம் உதவாது. அதற்குப் பட்டறைக் கூடம் வேண்டும்.

பழைய கட்டடம் என்றால் செலவு தானாகக் குறைந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. முதலில் செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று, கட்டட உறுதி. சிமெண்ட், சர்க்கரை ஆலைகளில் பல ஆண்டு அதிர்வு, தூசி, ஈரம் பட்ட இரும்புத் தூண்களைப் பொறியாளர்கள் பரிசோதித்துச் சான்று தர வேண்டும்.

இரண்டு, ஆஸ்பெஸ்டாஸ். அந்தக் காலத்து ஆலைக் கூரைகளில் இந்த ஓடுதான் அதிகம். உடைத்து எடுக்கும்போது பறக்கும் இழைகள் நுரையீரலுக்கு ஆபத்து. கூலி ஆட்களை விட்டுச் சம்மட்டியால் உடைக்கிற வேலை இது இல்லை; பாதுகாப்பு உடையுடன், தூசி பறக்காமல் அகற்ற வேண்டும்.

மூன்று, தீயணைப்பும் வெளியேறும் வழிகளும். பத்துப் பேர் வேலை பார்த்த கூடத்தில் இருநூறு பேர் உட்காரும்போது கணக்கே மாறிவிடும்.

நான்கு, சட்டப் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. கோயில், அரண்மனை, பிரிட்டிஷ் கால அலுவலகம் என்றால் பாரம்பரியம் என்று உடனே ஒத்துக்கொள்கிறோம். ஆலைப் புகைபோக்கியை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பட்டியலில் இல்லாத கட்டடத்தைக் காப்பாற்றுவது கடினம்.

உள்ளே என்ன வேலை நடக்க வேண்டும்?

இதுதான் மையக் கேள்வி. சென்னையில் நடப்பதை நகல் எடுத்தால் இங்கே படித்த பிள்ளைகள் சென்னைக்கே போய்விடுவார்கள். இந்த ஊருக்கே உரிய பிரச்னைகளை எடுத்தால்தான் மையம் நிற்கும்.

முதலாவது, சிமெண்ட். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தொழிலில் இருந்து வருகிறது. இதைக் குறைக்க 'எல்சி3' என்ற புதிய வகை சிமெண்ட் உருவாக்கப்பட்டுள்ளது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கரை ஏறத்தாழ பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் சூடாக்கிய களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்ப்பதுதான் இதன் அடிப்படை. வெளியேற்றம் 30 சதவீதத்துக்கு மேல் குறையும். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஐஐடி மெட்ராஸ், ஐஐடி டெல்லி ஆய்வாளர்கள் இதில் வேலை செய்தார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ல் இதற்குத் தனித் தரநிலையும் வெளியிட்டது. கல்லும் ஆலையும் அனுபவம் உள்ள தொழிலாளர்களும் ஒரே இடத்தில் இருக்கும் அரியலூரைவிட இதைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் எது? சிறிய சோதனைச் சூளை, கட்டுமானப் பொருள் ஆய்வுக்கூடம், ஹாலோ பிளாக் தயாரிக்கும் சிறு தொழில்முனைவோருக்குத் தரச் சான்று. இந்த மூன்றும் இருந்தாலே வாடிக்கையாளர் தேடி வருவார்.

இரண்டாவது, விவசாயம். பெரம்பலூர் சின்ன வெங்காயத்தின் பிரச்னை எல்லாருக்கும் தெரிந்ததுதான். விலை ஏறும்போது கையில் சரக்கு இருக்காது. சரக்கு இருக்கும்போது விலை இருக்காது. பட்டறை போட்டுச் சேமித்தால் ஈரத்தில் அழுகல். காற்றோட்டக் கிடங்கு, உலர்த்தும் கருவி, வெங்காயப் பொடி, பேஸ்ட் தயாரிப்பு என்று சோதிக்க நிறைய இருக்கிறது. மக்காச்சோளத்துக்கும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்கும் இதே தேவை உண்டு. சர்க்கரை ஆலை ஆண்டு முழுக்க அரவை நடத்துவதில்லை. அரவை இல்லாத மாதங்களில் அதன் இயந்திரப் பட்டறையையும் ஆய்வுக்கூடத்தையும் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் திறந்துவிட்டால், ஒரு செங்கல்கூட வைக்காமல் முதல் கட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

மூன்றாவது, காலணி. பெரிய ஆலைகள் வந்தால் தையல் வேலை கிடைக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் அச்சு செய்வது, வடிவமைப்பது, இயந்திரம் பழுதுபார்ப்பது போன்ற கூடுதல் சம்பள வேலைகளுக்கு உள்ளூர் ஆள் தயாராக இல்லை என்றால், அதற்கு வெளியூர், வெளிநாட்டு ஆட்கள்தான் வருவார்கள். டாடா டெக்னாலஜிஸ் உடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாயில் அரசு மேம்படுத்தியது. அந்த அடித்தளத்துக்கு மேல், இந்தத் துறைக்கென்றே ஒரு பயிற்சிப் பட்டறை வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்?

கட்டடம் திறக்க ரிப்பன் வெட்டுவது ஒரு நாள் வேலை. அடுத்த பத்து வருஷம் கரண்ட் பில், ஆய்வுக்கூட ஊழியர் சம்பளம், இயந்திரப் பராமரிப்பு யார் கட்டுவது? பெரும்பாலான மையங்கள் தடுமாறும் இடம் இது.

அரியலூரிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2015 சட்டத் திருத்தத்தின்படி, கனிமம் எடுக்கும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்க வேண்டும். பழைய குத்தகைதாரர்கள் அரசுக்குச் செலுத்தும் ராயல்டியில் 30 சதவீதத்தையும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதத்தையும் கூடுதலாக இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக மட்டுமே அந்தப் பணத்தைச் செலவிடலாம். குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு திறன் மேம்பாடும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு எளிய கணக்குப் போடுவோம். சாதாரண சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-ல் நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். அதில் 30 சதவீதம் என்றால் 24 ரூபாய். ஒரு சுரங்கம் ஆண்டுக்கு 10 லட்சம் டன் எடுத்தால் 2 கோடியே 40 லட்சம் ரூபாய் அறக்கட்டளைக்கு வரும். பல ஆலைகள் இருக்கும் மாவட்டத்தில் இது ஆண்டுதோறும் வரும் பணம். இதில் ஒரு சிறு பங்கை மையத்தின் நடைமுறைச் செலவுக்கு ஒதுக்கினாலே அரசு மானியத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது தூசியைச் சுவாசித்தவர்களின், லாரி மோதி உறவுகளைப் பறிகொடுத்தவர்களின், கிணறு வற்றிப்போனவர்களின் ஊர்ப் பணம். குடிநீரையும் மருத்துவத்தையும் குறைத்துவிட்டு ஸ்டார்ட்அப் என்று செலவழித்தால் நியாயம் ஆகாது. மையத்தில் இடம், பயிற்சி, வேலை ஆகியவற்றில் சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று எழுத்துப்பூர்வமாக இருந்தால் மட்டுமே இந்தப் பணத்தைத் தொடலாம்.

எங்கே அமைப்பது?

இரண்டு மாவட்டமும் முன்பு ஒன்றாக இருந்தவைதான். திருச்சியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனியானது, 2002-ல் மீண்டும் இணைக்கப்பட்டது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. இதனால் எந்தத் திட்டம் வந்தாலும் "உங்க ஊருக்கா, எங்க ஊருக்கா" என்ற இழுபறி இயல்பாகவே வரும்.

வசதிகளும் பிரிந்தே கிடக்கின்றன. அரியலூரில் சென்னை-திருச்சி கார்டு லைன் ரயில் நிலையம் இருக்கிறது. பெரம்பலூருக்கு ரயிலே இல்லை. ஆனால் சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுப் போகிறது. கட்டுமானப் பொருள் ஆய்வு அரியலூரிலும், வேளாண் பதப்படுத்தலும் காலணிப் பயிற்சியும் பெரம்பலூரிலும் என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் இரண்டு வளாகங்களாக அமைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டுக்கும் நடுவே நேரம் தவறாத பேருந்து ஓடினால் போதும்.

அடுத்த அறிவிப்பு வரும்போது என்ன கேட்க வேண்டும்?

தேர்தல் வரும், பட்ஜெட் வரும், புத்தாக்க மையம் என்ற சொல்லும் வரும். அப்போது இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. எந்தக் கட்டடம்? அது யாருடைய பெயரில் இருக்கிறது? புதிதாக நிலம் எடுப்பார்களா?

2. முதல் நாளிலிருந்தே உள்ளே வரப்போகும் நிறுவனம் அல்லது கல்வி நிலையம் எது? டெட்ராய்ட்டில் ஃபோர்டு இருந்த மாதிரி இங்கே யார்?

3. பத்தாண்டு நடைமுறைச் செலவுக்குப் பணம் எந்தக் கணக்கில் இருந்து?

4. சுரங்கத்தை ஒட்டிய கிராமத்தவருக்கு எத்தனை இடம்?

5. மையம் தோற்றுப்போனால் கட்டடமும் நிலமும் யாருக்குப் போகும்? மும்பை மாதிரி விதியைத் திருத்தி ரியல் எஸ்டேட்டுக்குக் கைமாற்ற முடியாதபடி அரசாணையில் வரி இருக்கிறதா?

ஐந்துக்கும் தெளிவான பதில் இருந்தால் அந்தத் திட்டத்தை நம்பலாம். பதில் இல்லாமல் அடிக்கல் மட்டும் வந்தால், ஜெயங்கொண்டத்திலும் திருமாந்துறையிலும் காத்திருந்தவர்களைப் போல இன்னொரு தலைமுறை காத்திருக்க நேரிடும். சுண்ணாம்புக்கல் ஒருமுறை தோண்டி எடுத்தால் திரும்ப முளைக்காது. அது தரும் வருமானம் வந்துகொண்டிருக்கும் இந்தச் சில ஆண்டுகள்தான், அடுத்த தொழிலுக்கு அடித்தளம் போட அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இருக்கும் அவகாசம்.